மூன்றில் தொடங்கும் வீடு

ரேலீன் டக்வெல் அம்மையார் தம் வாழ்நாளில் எந்தச் சட்டத்தையும் மீறியவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறையாக இருக்கும். பின்னால் அவருக்கு நேர்ந்த அத்தனைக்கும் அதுவே காரணம். டெரிங்கல் ஆரம்பப் பள்ளியின் வாசலில், ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகையைக் கையில் ஏந்தி, பிள்ளைகள் சாலையைக் கடக்கும்வரை வண்டிகளை நிறுத்திவைப்பதே அவர் பல்லாண்டு பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆளரவமற்ற தெருவில்கூட வலமும் இடமும் பார்த்து, மறுபடியும் வலம் பார்த்த பிறகே காலை எடுத்து வைப்பார். பொய் சொல்வதும் அவருக்கு வராது. சொல்ல முயன்றால் கழுத்து சிவந்துவிடும்.

அவருடைய அண்ணன் நெவில் நேர்மாறானவர். ஆடுகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டி, கண்டம் முழுவதும் சக்கரத் தடம் பதித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஓரிடத்தில் உட்கார்ந்ததும் இல்லை. அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் வலப்பக்கமாகத் தாக்கி, டெரிங்கலில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ‘வில்லோ பெண்ட்’ முதியோர் இல்லத்தின் சன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல்: “போலாம்.” லாரி நாட்களின் பழந்தோல் பையில் தம் துணிமணிகளை இடக்கையாலேயே அடுக்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு, தேநீர் கொண்டுவருபவர், மருந்து கொண்டுவருபவர், தரை துடைப்பவர் என்று யாரைக் கண்டாலும் அந்தச் சொல்லைச் சொல்வார்.

இல்லத்தின் தலைமைச் செவிலியர் பெர்னடெட் இரக்கமுள்ளவர். நெவிலை வீட்டுக்கு அனுப்ப அவருக்கும் விருப்பமே. ஆனால் விதி என்று ஒன்று உண்டு. வீட்டில் படிக்கட்டு இருக்கக் கூடாது. பார்த்துக்கொள்பவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் பதிவு செய்த காரும் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு வாரந்தோறும் அழைத்துப் போக வேண்டியிருக்கும் அல்லவா? மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் வருவார். அன்றைக்குள் இவை இல்லையென்றால், நெவிலை மெல்பர்னில் உள்ள நிரந்தரப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். மெல்பர்ன் நெடுந்தொலைவு. அங்கே சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

ரேலீன் அம்மையார் குடியிருந்ததோ டெரிங்கலில் ஒரு மாடி வீடு. மாடி என்றால் படி. அவர் யோசிக்கவில்லை. அந்த வீட்டை விற்றுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் நார்த் டெரிங்கலில், படியே இல்லாத தட்டையான ஒரு வீட்டை வாங்கினார். சிவப்புத் தகரக் கூரை. இல்லத்தின் சன்னலிலிருந்து பார்த்தால் கருவேலம்போல் கறுத்த ஆற்றங்கரை மரங்களுக்கு இடையே அந்தக் கூரை தெரியும். நெவிலின் நாற்காலியைத் திருப்பி விரலால் காட்டினார்.

“பாருண்ணே, அதான் நம்ம வீடு.”

“போலாம்” என்றார் நெவில்.

நடுவில் இருந்தது ஒரு பாலம் மட்டுமே. ஆனால் தென்கரை விக்டோரியா மாநிலம். வடகரை நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். இரண்டுமே நன்கு ஆளப்படும் மாநிலங்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஒவ்வொன்றும் தன் சாலைகளைத் தன் பிள்ளைகளைப் போலப் பேணுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அடுத்த மாநிலத்தின் ஓட்டுநரைப் பார்க்கிறது. வேறுபாடுகள் மிகச் சிறியவை. தென்கரையில் புதிதாக உரிமம் பெற்ற இளைஞர் சிவப்புப் பலகையில் வெள்ளை ‘P’ எழுத்தைக் காரில் மாட்டிக்கொள்வார். வடகரையில் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து. தென்கரையில் அவர் மற்றவர்களின் வேகத்தில் போகலாம். வடகரையில் அவருக்குத் தனி வேகம். ரேலீன் அம்மையாரின் புதிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் டாலியா, வேலைக்குப் போகும் வழியில் பாலத்தின் கோடியில் காரை நிறுத்தி, வெள்ளைப் பலகையைக் கழற்றித் தென்கரையின் சிவப்புப் பலகையை மாட்டிக்கொண்டு போவாள். அப்படிச் செய்யத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார், தேவைதான் என்று இன்னொருவர் சொன்னார், இருவரும் அதிகாரிகள். எதற்கு வம்பு என்று அவள் இரண்டையும் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தாள்.

குடிபெயர்ந்தவர் குறித்த காலத்துக்குள் உரிமத்தையும் காரின் பதிவையும் புதிய மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பலர் கடைசி நாள்வரை காத்திருப்பார்கள். சிலர் மறந்தே போவார்கள். ரேலீன் அம்மையார் குடிபோன மறுநாளே, அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே, வடகரை அலுவலகத்துக்குப் போய் வரிசை எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கவுண்டரில் இருந்தவர் பெயர் டேரன். இளைஞர், மரியாதை தெரிந்தவர், நன்றாகச் சவரம் செய்திருந்தார். முதலில் கண் பரிசோதனை. தென்கரையில் அண்மையில்தான் பார்த்தார்கள் என்று அம்மையார் தயங்கிச் சொன்னபோது, அது விக்டோரியாவில் பார்த்த கண் என்று டேரன் விளக்கினார். எழுத்து அட்டையை அம்மையார் கடைசி வரிவரை படித்துக் காட்டினார். பிறகு பழைய உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். கவுண்டரில் சங்கிலியால் கட்டப்பட்ட கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. டேரன் எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, உரிமத்தின் மூலையை வெட்டினார். வெட்டிய துண்டு பிளாஸ்டிக் தட்டில் விழுந்தது. அந்தத் தட்டில் அதுபோலப் பல மூலைகள் கிடந்தன.

அதன் பிறகே அவர் அம்மையாரின் புதிய முகவரியைக் கணினியில் பதிந்தார். கணினி சிவப்பானது.

“உங்க வீடு எங்க இருக்குங்க?” என்று கேட்டார்.

அம்மையார் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நாலு வீடு தள்ளி அந்தச் சிவப்புக் கூரை தெரிந்தது. டேரன் எட்டிப் பார்த்தார். தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அஞ்சல் குறியீட்டு எண் மூன்றில் தொடங்குகிறதே என்றார். இரண்டில் தொடங்கினால்தான் நியூ சவுத் வேல்ஸ். மூன்றில் தொடங்கினால் விக்டோரியா.

காரணம் நார்த் டெரிங்கலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் ரயில் தென்கரைவரைதான் வந்தது; கடிதமும் ரயிலோடு தென்கரைவரைதான் வந்தது. அங்கிருந்து தபால்காரர் பாலத்தைக் கடந்து வந்து வடகரைக்கும் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே வடகரையின் அந்த நாலைந்து தெருக்களுக்கும் தென்கரையின் எண்ணையே வைத்துவிட்டார்கள். ரயில் நின்றுபோய் வெகு காலமாகிறது. எண் நிற்கவில்லை.

“நான் உங்களை நம்பறேன் ரேலீன்” என்றார் டேரன் கனிவாக. “கம்ப்யூட்டர்தான் நம்பல. எங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“அப்ப என் பழைய லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“வெட்டிட்டேனே. வெட்டினது செல்லாது. அதுக்குத்தான் வெட்டறது.”

“வீட்டுக்கு எப்படி ஓட்டிட்டுப் போறது?”

“நடந்து போகலாம். நடக்கறதுக்கு ரெண்டு ஸ்டேட்லயும் ஒரே விதி” என்று சொன்ன டேரன், இப்படி ஒரு நல்ல செய்தியையும் சேர்த்துச் சொல்ல முடிந்ததில் மகிழ்ந்தார்.

காரை எடுத்துப்போக மிக் பொலார்ட் வந்தார். அவர் நார்த் டெரிங்கலில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர். பள்ளியில் ரேலீன் அம்மையாருக்குப் பக்கத்து இருக்கை. அன்று மாலையே காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, விளக்கடித்துப் பார்த்தார். தென்கரையில் ஒரு கார் பழசாகிக்கொண்டே போகலாம், விற்கும்போதுதான் யாராவது குனிந்து பார்ப்பார்கள். வடகரையில் பழைய காரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தாக வேண்டும். அம்மையாரின் கார் எல்லாவற்றிலும் தேறியது. மிக் முடிவைத் தம் கணினியில் அனுப்பினார். வெளிமாநிலத்தில் நிறுத்தப்படும் காரை இம்மாநிலம் பரிசோதிக்காது என்று அது திருப்பி அனுப்பியது. கார் அப்போது மிக்கின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாழ்நாள் பூரா அடுத்தவன் வண்டியை நிறுத்துனே” என்றார் மிக், கையைத் துடைத்தபடி. “இப்ப உன் வண்டியை நிறுத்திட்டாங்க. பாவம் சும்மா விடுமா?”

மறுநாள் டேரன் ஓர் ஆலோசனை சொன்னார். கார் இன்னும் விக்டோரியாவின் நம்பர் பிளேட்டோடு இருப்பதால்தான் கணினி தயங்குகிறதோ என்னவோ. ஒரு காருக்கு இரண்டு மாநிலம் உரிமை கொண்டாட முடியாது. அதைக் கழற்றி அங்கே ஒப்படைத்துவிட்டு வந்தால் கணினி மனம் மாறலாம். அம்மையார் பிளேட்டுகளைக் கழற்றினார், சோப்புப் போட்டுக் கழுவினார், செய்தித்தாளில் சுற்றினார், பாலத்தை நடந்து கடந்தார். தென்கரை அலுவலகத்தில் மிஷெல் என்ற பெண் அவற்றை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார். சுத்தமாகக் கொண்டுவந்து கொடுத்ததற்கு நன்றி சொன்னார். அம்மையார் மறுபடியும் பாலத்தை நடந்து கடந்து வடகரைக்கு வந்தார். கணினி மனம் மாறவில்லை.

எனவே மறுபடியும் தென்கரை. தம்மைப் பழையபடி விக்டோரியாவிலேயே சேர்த்துக்கொள்ளும்படி அவர் மிஷெலைக் கேட்டுக்கொண்டார். மிஷெல் வரைபடத்தைத் திறந்து, வீட்டைத் தேடி, பெரிதாக்கிப் பார்த்தார். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆறே அவர்களுடையது என்றார் மிஷெல் வருத்தத்தோடு. எங்கள் பக்கக் கரையின் மேல்விளிம்புவரை தண்ணீர் முழுக்க நியூ சவுத் வேல்ஸ். உங்கள் வீடோ தண்ணீரையும் தாண்டி இருக்கிறது.

அப்படியானால் நான் விக்டோரியாவில் வசிக்கவில்லை என்று ஒரு சான்று கொடுத்துவிடுங்கள், அதை வடகரையில் காட்டிக்கொள்கிறேன் என்றார் அம்மையார்.

“இங்க இருக்கறவங்களுக்குத்தான் சான்று குடுப்போம்” என்றார் மிஷெல். “இங்க இல்லாதவங்களுக்கு இங்க இல்லைன்னு குடுக்கணும்னா, உலகத்துல பாதிப் பேருக்குக் குடுக்கணும். எங்ககிட்ட அவ்வளவு ஆள் இல்லம்மா.”

இதை மிக்கிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, தென்கரையில் தம் மகன் வீடு இருப்பதை நினைவூட்டினார்.

“அவன் அட்ரஸைக் குடு. அங்க இருக்கேன்னு சொல்லு. ஒரு மணி நேரத்துல லைசென்ஸ் கையில.”

“அங்க நான் இல்லையே.”

“யாரு வந்து கட்டிலுக்கு அடியில பாக்கப் போறான்?”

“எனக்குத் தெரியுமே மிக்.” அதைச் சொல்வதற்குள்ளேயே அவர் கழுத்து சிவந்துவிட்டது.

அந்த வாரம் டெரிங்கலுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். மாநிலங்களிடை ஒத்திசைவு மன்றத்தின் தலைவர், மதிப்பிற்குரிய ஆப்ரி ஃபெயர்பிரதர். எல்லையோர மக்களின் குறைகளை நேரில் கேட்பதற்காகப் பாலத்தின் தென்கோடியில் பந்தல் போட்டிருந்தார்கள். ரொட்டித் துண்டில் சாசேஜும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தார்கள். சாலையில் எல்லையைக் குறிக்கும் ஒரு வெள்ளைக் கோடு புதிதாகப் போடப்பட்டிருந்தது. தலைவரின் கறுப்புக் கார் தென்கரையிலிருந்து வந்து கோட்டுக்கு முன்னால் நின்றது. கோட்டுக்கு அப்பால் அதே நிறத்தில் இன்னொரு கார், வேறு பிளேட்டோடு, ஓட்டுநரோடு, காத்திருந்தது. அது அவருடைய வடகரைக் கார்.

தலைவர் கோட்டின் மேல் நின்று பேசினார்.

“என் தாத்தா காலத்துல, சிட்னியில இருந்து மெல்பர்ன் போற பயணி எல்லையில ரயில் மாறணும். ஏன்னா ரெண்டு மாநிலத்துக்கும் தண்டவாள அகலம் வேற வேற. மூட்டையைத் தூக்கிட்டு, குளிர்ல, அடுத்த ரயிலுக்கு ஓடுவாங்க. அந்தக் கொடுமை இன்னைக்கு உண்டா? இல்ல. இன்னைக்கு பயணி மாற வேண்டியது லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் மட்டும்தான். ரெண்டுமே கனம் கம்மி.”

கைதட்டல் எழுந்தது. சாசேஜ் வைத்திருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

“ஒத்திசைவு மன்றத்தோட முதல் கூட்டத்தை என் அப்பா தொடங்கி வச்சார். ஒரே விதிமுறைங்கறதுல எல்லா மாநிலமும் அன்னைக்கே ஒத்துக்கிட்டாங்க. அது யாரோட விதிமுறைங்கறதுலதான் பேச்சு நடந்துட்டிருக்கு. நல்லாவே நடந்துட்டிருக்கு. நான் அதுக்காகவே வாழ்க்கையைக் குடுத்திருக்கேன். என் பொண்ணும் மன்றத்துல சேர்ந்திருக்கா. அவளும் இதுலயே ஓய்வு பெறுவாங்கற நம்பிக்கை எனக்கு இருக்கு.”

குறை கேட்கும் நேரம் வந்தது. ரேலீன் அம்மையார் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும், தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். வெட்டப்பட்ட மூலை, மூன்றில் தொடங்கும் வீடு, கழுவிக் கொடுத்த பிளேட், சன்னலோரத்தில் பையோடு அண்ணன், வெள்ளிக்கிழமை. தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அவருக்குக் கண் கலங்கியது உண்மை. பக்கத்திலிருந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

இது மிக அருமையான எடுத்துக்காட்டு என்றார் தலைவர். இப்படி ஓர் எடுத்துக்காட்டைத்தான் மன்றம் ஆண்டாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது. அடுத்த அறிக்கையில் முழுப் பக்கம் வரும். அதுவரை தயவுசெய்து எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம், எடுத்துக்காட்டு கெட்டுப்போய்விடும் என்று கேட்டுக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமைக்கு நான் என்ன பண்றது சார்? நீங்க எப்படி அக்கரைக்குப் போவீங்க?”

“நானா?” தலைவர் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆளுக்கு ரெண்டு கார், ரெண்டு டிரைவர் இருந்துட்டா இந்தப் பிரச்சினையே இல்லம்மா. எல்லாருக்கும் இது கிடைக்கணும்னுதான் என் ஆசை.”

சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி, வடகரைக் காரில் ஏறிப் போனார். தென்கரைக் கார் வெறுமையாகத் திரும்பியது. மிச்சமிருந்த சாசேஜை ரேலீன் அம்மையார் கையில் கொடுத்தனுப்பினார்கள். அவர் அதை நெவிலுக்குக் கொண்டுபோனார். நெவில் வெங்காயத்தை மட்டும் தின்றுவிட்டுப் பையை அணைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் லிண்டல் ஃபோர்சைத் வந்தார். நேரத்தை மதிப்பவர், கேள்விகளை வரிசை மாற்றாதவர். நெவிலை ஒரு பார்வை பார்த்தார். நெவில் “போலாம்” என்றார். “இன்னும் கொஞ்ச நேரத்துல” என்று சொல்லிவிட்டு, லிண்டல் பார்த்துக்கொள்ளப் போகும் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“நிலையான முகவரி இருக்கா?”

“வீடு இருக்கு. முகவரி இருக்கான்னு தெரியல. ரெண்டு ஸ்டேட்டும் இல்லன்னுட்டாங்க.”

“வண்டி ஓட்ட முடியுமா?”

“முடியும். கூடாது.”

“கூடாதுங்கறதை நாங்க முடியாதுன்னுதான் போடுவோம். இப்ப நீங்க எந்த மாநிலத்துல வசிக்கிறீங்க?”

ரேலீன் அம்மையார் வெகு நேரம் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்பது ஒரு பக்கம். உண்மை எது என்பது தெரியாதது மறுபக்கம். கடைசியில் தெரியவில்லை என்றார். லிண்டல் ஏதோ குறித்துக்கொண்டார். பெர்னடெட் அதை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க” என்றார் லிண்டல். “உங்க அண்ணனைவிட உங்க நிலைமை மோசமா இருக்கு. அவருக்கு எங்க போகணும்னாவது தெரியுது.”

விதிப்படி நெவிலை யாரிடமும் ஒப்படைக்க வழியில்லை. ஆகவே மெல்பர்ன். பெர்னடெட் வாய் திறந்தது அப்போதுதான். குடும்ப அறை என்று ஒரு விதி இருக்கிறதே என்று அவர் மெல்ல நினைவூட்டினார். உடன்பிறந்தவர்கள் இருவரும் இல்லவாசிகளாக இருந்தால் அவர்களைப் பிரிக்கக் கூடாது. ஒருவரை மட்டும் மெல்பர்னுக்கு அனுப்பவும் கூடாது. இரண்டு கட்டில் போட்ட ஆற்றோர அறை ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. லிண்டல் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. நிலையான முகவரி இல்லாமை, வண்டி ஓட்ட இயலாமை, இடம் குறித்த குழப்பம், உரிய வயது என்று ரேலீன் அம்மையாரிடம் தகுதிகளும் குறைவின்றி இருந்தன.

அம்மையார் சன்னலைப் பார்த்தார். அக்கரையில் சிவப்புக் கூரை. அதற்குள் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். பிறகு அண்ணனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருந்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று மிக் சொன்னார். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லத்தான் நினைத்தார். ஒரு பெட்டியை மட்டும் தூக்கிவந்து அறையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போனார்.

இதன் பிறகு நடந்தவை மிக விரைவாக நடந்தன. சட்டத்தை மதிக்கும் ரேலீன் அம்மையார், முகவரி மாறியதைத் தெரிவிப்பதற்காக மறு வாரமே தென்கரை அலுவலகத்துக்குப் போனார். முகவரி: வில்லோ பெண்ட் இல்லம், டெரிங்கல். எண் மூன்றில் தொடங்கியது. கட்டடமும் ஆற்றுக்கு இந்தப் பக்கமே இருந்தது. மிஷெலின் கணினி பச்சையானது.

“திரும்பி வந்துட்டீங்களா!” என்றார் மிஷெல். உண்மையாகவே அவருக்கு மகிழ்ச்சி. தற்காலிக உரிமம் அங்கேயே கிடைத்தது. புதிய பிளேட்டுகளும் கிடைத்தன, பழையவற்றை உருக்கிவிட்டார்களாம். ஆக, முதியோர் இல்லத்தில் சேர்வதற்கு வண்டி ஓட்ட இயலாதவராகக் கருதப்பட்டவர், முதியோர் இல்லத்தில் சேர்ந்ததால் வண்டி ஓட்டத் தகுதி பெற்றார். இதில் எந்த விதியும் மீறப்படவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

உரிமத்தைப் பெற்றுக்கொண்டு அவர் நேராக பெர்னடெட்டிடம் வந்தார். இனி அண்ணனை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? பெர்னடெட் யோசித்தார். அழைத்துப் போய் அங்கேயே இருந்தால் முகவரி வடகரைக்கு மாறிவிடும். மாறினால் உரிமம் செல்லாது. உரிமம் செல்லாவிட்டால் அழைத்துப் போகக் கூடாது. ஆனால் இல்லவாசி ஒருவரை உரிமமுள்ள உறவினர் பகலில் வெளியே கூட்டிச் சென்றுவரத் தடையில்லை. மாலை உணவுக்குள் திரும்பிவிட வேண்டும். எடுத்துச் சென்ற பொருள்கள் எல்லாம் திரும்பி வந்துவிட வேண்டும். வேறிடத்தில் பொருள் வைத்தால் வேறிடத்தில் குடியேறுவதாகக் கணக்கு. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அம்மையார் மிஷெலிடமும் தொலைபேசியில் பேசினார்.

“பகல்ல எங்க வேணா இருங்க” என்றார் மிஷெல். “தூங்குற இடம்தான் வீடு. முழிச்சிருக்கற இடம் எல்லாம் சுற்றுலாதான்.”

அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் தினமும் சுற்றுலா போனார்கள். காலை உணவு முடிந்ததும் ரேலீன் அம்மையார் காரை வாசலுக்குக் கொண்டுவருவார். நெவில் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறுவார். “போலாம்.” பாலம். வெள்ளைக் கோடு. எதிரே பலகை மாற்றிக்கொண்டிருக்கும் டாலியா கையாட்டுவாள். சிவப்புக் கூரை வீட்டுக்கு வந்து, படியில்லாத வாசலில் சக்கர நாற்காலியை ஏற்றி, ரொட்டி வாட்டி, தேநீர் போட்டு, இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து ஆற்றுக்கு அக்கரையில் தங்கள் அறையின் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெயில் சாய்ந்ததும் அம்மையார் கோப்பைகளைக் கழுவுவார், கதவைப் பூட்டுவார். அப்போது மட்டும் நெவில் “போலாம்” என்று சொல்லமாட்டார்.

இல்லத்து வாசலில் பெர்னடெட் காத்திருப்பார். அவர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றுண்டு; அதைக் கேட்டுவிட்டு உள்ளே விடுவார்.

“எல்லாம் திரும்பி வந்துடுச்சா?”

“எல்லாம் வந்துடுச்சு” என்பார் ரேலீன் அம்மையார். அது உண்மையாகவும் இருந்தது.

ஒருநாள் வராந்தா நாற்காலிக்கு அடியில் நெவிலின் சாம்பல் நிறக் காலுறை ஒன்று கிடந்தது. பையிலிருந்து விழுந்திருக்கும் என்று அம்மையார் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் குளியலறை மாடத்தில் அவருடைய சவரத் தூரிகை இருந்தது. அதையும் எடுத்து வந்து பையில் வைத்தார்.

“என்னண்ணே, ஒண்ணொண்ணா விட்டுட்டு வர்ற?”

நெவில் அவர் முகத்தையே பார்த்தார். இடக்கையால் பையைத் திறந்து, தூரிகையை எடுத்து, அங்கேயே, மேசைமேல் வைத்தார். அதன் மேல் தம் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். லாரியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்திருப்பது போல.

அம்மையாருக்குப் புரிந்தது. கழுத்து சிவந்தது. பெர்னடெட் சொன்ன விதி, மிஷெல் சொன்ன விதி, டேரனின் கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கோப்பைகளைக் கழுவினார். கதவைப் பூட்டினார். தூரிகை உள்ளே இருந்தது. அன்று மாலை பெர்னடெட்டின் கேள்விக்குப் பதில் சொன்னபோதும் கழுத்து சிவந்தே இருந்தது.

அதன் பிறகு காலுறைகள் போயின. கம்பளிச் சட்டை போயிற்று. பக்கவாதத்துக்கு முன் அவர் பாலைவனத்துச் சாலை ஒன்றில் லாரிக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை ரேலீன் அம்மையாரின் இரவுச் செருப்பும் யாருக்கும் தெரியாமல் சிவப்புக் கூரை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடம் பிரிவுபசாரத்தில் கொடுத்த ‘நில்’ பலகையை அவர் ஒருநாள் காரின் பின்னால் வைத்து எடுத்துவந்து, வீட்டின் உள்கதவில் மாட்டினார்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு மாலையில் அவர்கள் இல்லத்துக்குத் திரும்பியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார் பெர்னடெட். நெவில் கொடுக்கவில்லை. கல் நிறைந்த மூட்டையைப் பிடிப்பதுபோல அதை நெஞ்சோடு அணைத்திருந்தார். ஆனால் வாய் சரியாக மூடாத அந்தப் பையின் உள்ளே விளக்கு வெளிச்சம் ஒன்றுமில்லாத அடிவரை விழுந்தது. பெர்னடெட் அதைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்தார். அக்கரையில், யாருமில்லாத வீட்டின் வராந்தாவில், அணைக்க மறந்த விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“எல்லாம் திரும்பி வந்துடுச்சா?” என்று அவர் கேட்டார்.

ரேலீன் அம்மையார் வலமும் இடமும் பார்த்தார். மறுபடியும் வலம் பார்த்தார்.

“எல்லாம் வந்துடுச்சு” என்றார்.

கழுத்து சிவக்கவில்லை.